விளிம்பில் பொறித்த பெயர்

பழைய பிரிட்டிஷ் ராணுவப் பதக்கம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பெரும்பாலோர் முதலில் அரசரின் தலையைப் பார்ப்பார்கள், பிறகு பின்பக்கத்து உருவத்தை. சேகரிப்பில் ஊறியவர்கள் அதைச் செங்குத்தாகத் திருப்பி, வெளிச்சத்துக்குச் சாய்த்து, குறுகலான விளிம்பை வாசிப்பார்கள். அங்கேதான் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை இருக்கும். முகப்பு லட்சக்கணக்கான பதக்கங்களுக்குப் பொதுவானது. விளிம்பு ஒரே ஒருவருக்கு உரியது.

பதக்கச் சேகரிப்பு மற்ற பழம்பொருள் சேகரிப்புகளிலிருந்து வேறுபடுவதற்கு இந்த விளிம்பே காரணம். பழைய நாணயம் எத்தனை கைகள் மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது. பெயர் பொறித்த பதக்கமோ இன்ன ஆள், இன்ன படை, இன்ன போர் என்று சொல்லிவிடும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்தால் ஒரு மனிதனின் சில ஆண்டுகளை மீட்டுவிடலாம். இங்கிலாந்தில் 1942இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பதக்க ஆய்வுக்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. மேஜர் எல். எல். கார்டன் 1947இல் வெளியிட்ட கையேடு பல பதிப்புகள் கண்டு, இத்துறையில் இறங்குபவர்களின் மேசையில் இன்னும் கிடக்கிறது.

இந்தியச் சிப்பாய்களின் பதக்கங்களுக்கு வரும்போது விளிம்பின் எடை இன்னும் கூடுகிறது என்பது என் கருத்து. பிரிட்டிஷ் பேரரசுக்காகக் கடல் கடந்துபோன நம் சாதாரணச் சிப்பாயின் பெயரையும், அவருக்குப் பின்னால் மூட்டை சுமந்துபோன கூலியாளின் பெயரையும் அந்தப் பேரரசு பொதுவில் எங்கே பதித்தது என்று தேடினால், பல வேளைகளில் அந்த விளிம்பு ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1784இலேயே, மராட்டியத்திலும் குஜராத்திலும் போரிட்ட தன் இந்தியப் படையினருக்குத் தக்காணப் பதக்கத்தை அறிவித்தது. பிரிட்டிஷ் அரசு தன் சொந்தச் சிப்பாய்களுக்கு அப்படி எதுவும் செய்யாத காலம் அது. திப்பு சுல்தானுக்கு எதிரான 1790–92 போருக்கும் கம்பெனி ஒரு பதக்கம் கொடுத்தது. இவற்றுள் பெயர்பெற்றது 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததற்காக அடிக்கப்பட்ட பதக்கம். பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் கூக்லர் என்ற கலைஞர் அதன் அச்சை வடித்தார். ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியை மல்லாத்திக் கீழே அழுத்துகிறது. மேலே பறக்கும் கொடியில் ‘இறைவனின் சிங்கமே வெல்லும்’ என்ற பொருளில் அரபுச் சொற்கள். மறுபக்கம் கோட்டைச் சுவரை நோக்கிப் படை பாயும் காட்சி, அடியில் பாரசீக எழுத்து. புலியைத் தன் சின்னமாகக் கொண்டிருந்த அரசனை, அவனுடைய அரசவை மொழியிலேயே தோற்றவனாக எழுதிவைத்த பதக்கம் அது. அந்த ஆணவத்தை இன்றைக்கும் அதில் தொட்டுப் பார்க்க முடிகிறது.

அந்தப் பதக்கம் ஐந்து உலோகங்களில் வந்தது. தளபதிகளுக்கும் மிக உயர்ந்தோருக்கும் தங்கம். அடுத்த நிலை அதிகாரிகளுக்குத் தங்க முலாமிட்ட வெள்ளி. கேப்டன்களுக்கும் கீழ்நிலை அதிகாரிகளுக்கும் வெள்ளி. ஹவில்தார் போன்றோருக்கு வெண்கலம். சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். முற்றுகையில் மதராஸ் படையின் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அந்த மலிவான, எளிதில் மழுங்கும் ஈயம். ஐந்து வகையிலும் விளிம்பு வெறுமையாக இருக்கும், பெயர் கிடையாது. ஆகவே, ஒரு ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம் நன்றாகவே பிழைத்து நம் கைக்கு வந்தாலும் அதைப் பெற்றவர் திருச்சிக்காரரா, வேலூர்க்காரரா என்று கேட்க வழியில்லை. பதவியின் ஏணியில் எந்தப் படியில் நின்றார் என்பதை உலோகம் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

பெயர் பொறிக்கும் வழக்கம் வாட்டர்லூவோடு வந்தது. 1815 ஜூன் 18 போருக்காக அடிக்கப்பட்ட வெள்ளிப் பதக்கம் அதிகாரி முதல் முரசு அடிக்கும் சிறுவன் வரை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்பட்டது. சுமார் 39,000 பதக்கங்கள். ராயல் மின்ட்டில் தாமஸ் ஜெரோம், சார்லஸ் ஹாரிசன் என்ற இருவர் உருவாக்கிய இயந்திரம் ஒவ்வொரு விளிம்பிலும் பெரிய எழுத்துகளில் பெயரை அழுத்திப் பதித்தது. தங்கம், ஈயம் என்ற பேதம் அதில் இல்லை.

வாட்டர்லூக்காரர்கள் மார்பில் பதக்கத்தோடு நடமாட, அதற்கு முன் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஆண்டுக்கணக்கில் போரிட்டவர்கள் வெறும் மார்போடு நின்றார்கள். அவர்களுக்குப் பதக்கம் கொடுப்பதை வெல்லிங்டன் பிரபுவே நெடுங்காலம் எதிர்த்தார். 1847இல்தான் ஒருவழியாக அனுமதி வந்தது, அதுவும் உயிரோடு இருப்பவர் விண்ணப்பித்தால் மட்டும். சுமார் 26,000 பேர் விண்ணப்பித்துப் பெற்றார்கள். இந்தியாவில் 1803 முதல் 1826 வரை நடந்த போர்களுக்கான பதக்கம் இன்னும் தாமதம், 1851இல் வந்தது. அஸ்ஸாயே, ஆர்காம், நாக்பூர், மஹீத்பூர் என்று போர்க்களப் பெயர் தாங்கிய சின்னஞ்சிறு வெள்ளிப் பட்டைகள் அதன் மேல் ஏறும். அஸ்ஸாயேயில் 20 வயதில் நின்ற சிப்பாய்க்கு 1851இல் 68 வயது. அந்தக் காலத்து ஆயுளில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? மிஞ்சியவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும், விண்ணப்பிக்க ஆள் வேண்டும். இந்தியப் பெயர் பொறித்த அந்தப் பதக்கம் இன்று அரிதாக இருப்பதில் வியப்பில்லை. அரிதானது என்பதால் ஏலத்தில் விலை ஏறுகிறது. ஏன் அரிதாயிற்று என்பதை விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

விளிம்பை வாசிப்பது ஒரு தனிக் கலை. பெயரை அச்சால் அழுத்தினார்களா, கையால் செதுக்கினார்களா, எழுத்து நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பது பதக்கத்துக்குப் பதக்கம் மாறும். 1882 எகிப்துப் பதக்கத்தில் சாய்வான பெரிய எழுத்து. 1895 இந்தியப் பதக்கத்தில் பெரும்பாலும் கையெழுத்துபோல ஓடும் எழுத்து. முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் சின்ன, நேரான எழுத்து. எந்தப் பதக்கத்துக்கு எந்த எழுத்து என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் போலியைப் பாதி கண்டுபிடித்துவிடலாம். பெயரை மாற்ற நினைப்பவர் பழைய பெயரை அரத்தால் ராவி எடுத்தாக வேண்டும். ராவினால் விட்டம் குறையும். 36 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் வெர்னியர் காலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும். புகழ்பெற்ற போரின் பட்டையை வேறொரு பதக்கத்தில் ஏற்றுவதும் உண்டு. அங்கே ஆணி அடித்த விதத்தைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும்.

கிரீமியப் பதக்கம் இதில் நிறையப் பேரை ஏமாற்றியிருக்கிறது. 1854இல் பிரிட்டன் இறங்கிய அந்தப் போர் முடியும் முன்பே அவசரமாக அனுப்பிய பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. வேண்டியவர்கள் திருப்பி அனுப்பிப் பொறித்துக்கொள்ளலாம் என்றார்கள். பலர் தங்கள் படைப்பிரிவிலேயே, ஊர்த் தட்டாரிடம் கொடுத்துச் செதுக்கிக்கொண்டார்கள். ஆகவே அதில் அரசு முத்திரைபோல ஒரே சீரான எழுத்தை எதிர்பார்க்க முடியாது. பாலக்லாவா பட்டையுள்ள பதக்கத்தில், 1854 அக்டோபர் 25 அன்று ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிக் குதிரையில் பாய்ந்த லைட் பிரிகேடின் வீரர் பெயர் இருந்தால் விலை பல மடங்கு ஏறும். அதனாலேயே அந்தப் பெயர்களில் போலியும் மிகுதி. உண்மையா என்று தீர்க்க எழுத்து மட்டும் போதாது. காப்பகத்திலுள்ள பதக்கப் பதிவேட்டில் அந்தப் பெயரும் அந்தப் பட்டையும் சேர்ந்து இருக்க வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது 1867–68 அபிசீனியப் போர்ப் பதக்கம். எத்தியோப்பிய மன்னர் தெவோத்ரோஸ் சிறைவைத்த ஐரோப்பியரை மீட்க பம்பாயிலிருந்து கிளம்பிய படைக்கு அது கொடுக்கப்பட்டது. மதராஸ் படையின் பொறியாளர்களான சாப்பர்களும் அந்தப் படையோடு போனார்கள். அந்தப் பதக்கத்தில் பெயர் விளிம்பில் இல்லை. பின்பக்கத்தின் நடுவே, இலைமாலைக்குள், புடைப்பெழுத்தில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அடித்தாக வேண்டிய, செலவு பிடித்த வேலை. சுமார் 14,000 பதக்கங்களுக்கும் அப்படிச் செய்தார்களா என்றால், இல்லை. புடைப்பெழுத்து பிரிட்டிஷாருக்கு. இந்தியர்களின் பெயர்களைச் சாதாரணமாக அழுத்திப் பதித்தார்கள். இரண்டு பதக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும், பேரரசு யாரை எப்படி எண்ணியது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தேய்மானத்துக்கும் அர்த்தம் உண்டு. எகிப்துப் போரில் சண்டையிட்டவர்கள் பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தோடு எகிப்தின் கெதீவ் கொடுத்த வெண்கல நட்சத்திரத்தையும் சேர்த்து அணிந்தார்கள். நடக்க நடக்க நட்சத்திரத்தின் முனைகள் பக்கத்து வெள்ளியில் இடித்து, விக்டோரியா மகாராணியின் முகத்தில் பொடிப்பொடியாகக் குழி விழும். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் இதைக் குறை என்று ஒதுக்குவார்கள். அந்த இரண்டும் ஒரே மார்பில் ஆண்டுக்கணக்கில் தொங்கின என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பளபளக்கும் பதக்கத்தைவிடக் குழி விழுந்ததையே நான் நம்புவேன்.

முதல் உலகப் போரில் எல்லாமே எண்ணிக்கையில் பெருத்துவிட்டது. 1919இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சுமார் 65 லட்சம் அடிக்கப்பட்டது. 36 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ நான்கு பவுன் எடை, 92.5 சதவீதம் வெள்ளி. முன்பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. பின்பக்கம் வில்லியம் மெக்மில்லன் வடித்த குதிரைவீரன்: உடம்பில் துணியில்லை, கையில் குறுவாள், குதிரையின் குளம்படியில் பிரஷ்யக் கழுகு பொறித்த கேடயம், பக்கத்தில் மண்டை ஓடும் எலும்பும், மேலே எழும் சூரியன். நாடாவின் நடுவில் ஆரஞ்சு, இருபுறமும் வெள்ளை, கறுப்பு, நீலம். இதோடு வெண்கல வெற்றிப் பதக்கம் வரும். 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போனவராக இருந்தால் ஒரு வெண்கல நட்சத்திரமும் உண்டு. மூன்றும் சேர்ந்த தொகுதிக்கு இங்கிலாந்துக்காரர்கள் செய்தித்தாள் சித்திரக்கதையிலிருந்து ‘பிப், ஸ்க்வீக், வில்ஃப்ரெட்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

இந்தத் தொகுதிகளில் வெள்ளிப் பதக்கம் மட்டும் காணாமல் போயிருப்பது அடிக்கடி கண்ணில் படும். வெண்கலத்துக்கு அடகுக் கடையில் மதிப்பில்லை, வெள்ளிக்கு உண்டு. போர் முடிந்து வேலையில்லாமல் திரிந்தவர்களுக்கு அது ஒரு வாரச் சாப்பாடு. 1979–80இல் ஹண்ட் சகோதரர்கள் உலகச் சந்தையில் வெள்ளியை வாங்கிக் குவித்தபோது, ஓர் அவுன்ஸ் 6 டாலரிலிருந்து 50 டாலரை நெருங்கியது. அந்தச் சில மாதங்களில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்கள் கூடைகூடையாக உலைக்குப் போயின. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பெயர் இருந்தது.

உருகாமல் தப்பியதை வைத்து ஆய்வு எப்படி நகரும்? பிரிட்டிஷ் வீரர் என்றால் லண்டனின் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தொடங்க வேண்டும். முதல் போரில் பதக்கம் பெற்றவர்களுக்கு ஆளுக்கு ஓர் அட்டை வீதம் எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தப் படைப்பிரிவு, என்ன எண், எந்தப் போர்முனையில் எப்போது இறங்கினார் என்பது அதில் குறியீடாக இருக்கும். ‘2பி’ என்று கண்டால் கலிப்போலி. அட்டையிலுள்ள எண்ணைக் கொண்டு பதக்கப் பதிவேட்டுக்குப் போகலாம். அங்கிருந்து அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்புக்கு. அன்றாடம் எங்கே முகாம், எத்தனை பேர் மாண்டார்கள், மழையா வெயிலா என்றுகூட அதில் இருக்கும். வீரப் பதக்கமாக இருந்தால் லண்டன் கெஜட்டில் அறிவிப்பு வந்திருக்கும். இறந்தவராக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவு உண்டு. போதாக்குறைக்கு, வீட்டுக்கு 12 சென்டிமீட்டர் அகல வெண்கலத் தட்டு ஒன்று போயிருக்கும். எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் வடித்த அந்தத் தட்டில் பெயர் மட்டும் புடைப்பாக இருக்கும், பதவி இருக்காது. சாவில் அதிகாரியும் சிப்பாயும் ஒன்று என்று எண்ணிச் செய்த ஏற்பாடு. பதக்கங்களின் வரலாற்றில் நான் மதிக்கும் முடிவுகளில் அது ஒன்று.

பொறிகளும் உண்டு. போர்முனையில் முதலில் எந்தப் படைப்பிரிவில் இறங்கினாரோ அந்தப் பெயர்தான் பொதுவாகப் பதக்கத்தில் இருக்கும். பிறகு வேறு பிரிவுக்கு மாறி அங்கே இறந்தவரை விளிம்பை மட்டும் நம்பித் தேடினால் கிடைக்கமாட்டார். பிராந்தியப் படையினருக்கு 1917இல் புது எண்கள் கொடுத்தார்கள், ஆகவே ஒரே ஆளுக்கு இரண்டு எண். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு 1940 செப்டம்பரில் நேர்ந்தது. ஜெர்மானிய விமானங்கள் லண்டனில் வீசிய குண்டு ஆவணக் கிடங்கு ஒன்றைப் பற்றவைத்தது. முதல் போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் சாம்பலானது. எஞ்சியவை ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அழைக்கப்படுகின்றன. இத்தனைக்குப் பிறகும் ஒரு பிரிட்டிஷ் சிப்பாயைப் பற்றி நான்கைந்து தனித்தனித் தடங்கள் மிஞ்சுகின்றன.

இதே போருக்குப் போன இந்தியர்கள் சுமார் 14 லட்சம் பேர். அவர்களில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டோர் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: சுமை தூக்குபவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், சமையல்காரர், துப்புரவாளர், தண்ணீர் சுமப்பவர். மதராஸ் மாகாணத்திலிருந்து மட்டும் தொண்ணூறாயிரம் பேர் அளவுக்குப் போனார்கள். 1880களில் மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்து பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தளபதியான ராபர்ட்ஸ், தென்னிந்தியர் போருக்கு ஆகாதவர்கள் என்ற கொள்கையைப் பரப்பியவர். அதன் விளைவாக மதராஸ் காலாட்படை ஏற்கெனவே சுருங்கியிருந்தது. அப்படியும் கர்னாடிக் படைப்பிரிவுகள், வாலாஜாபாத் படைப்பிரிவு, பயனியர்கள், பெங்களூரைத் தளமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் என்று கிழக்காப்பிரிக்காவுக்கும் மெசபடோமியாவுக்கும் போனார்கள். சாப்பர்களிலும் பயனியர்களிலும் ஆதிதிராவிடர்கள் பெருந்தொகையாக இருந்தார்கள். போருக்குப் பிறகு, 1930களின் தொடக்கத்துக்குள், காலாட்படையும் பயனியர்களும் கலைக்கப்பட்டு சாப்பர்கள் மட்டும் நின்றார்கள்.

இவர்களுடைய பதக்கங்களில் பெயர் உண்டு. கல்கத்தாவில் பொறித்த எழுத்து லண்டன் எழுத்தைவிட மெலிதாக இருக்கும், கொஞ்சம் பழகினால் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். எண், ‘சிப்பாய்’ அல்லது ‘நாயக்’ அல்லது ‘டிரைவர்’, பிறகு ஒற்றைப் பெயர், சுருக்கமாகப் படைப்பிரிவு. தகப்பன் பெயர் இல்லை. ஊர் இல்லை. முனுசாமி, அந்தோணி, ரங்கசாமி, அப்துல் என்ற பெயர்கள் எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் ஏறின. ஒரே படைப்பிரிவில் பல முனுசாமிகள் இருக்கும்போது எண்ணை வைத்துத்தான் ஆளைப் பிரிக்க முடியும். தொழிலாளர் படையினருக்கோ அதே அச்சு வெண்கலத்தில். மொத்தத்தில் வெள்ளி சுமார் 64 லட்சம் என்றால் வெண்கலம் சுமார் 1,10,000. சீனர், மால்ட்டாக்காரர், இந்தியர் என்று மூட்டை சுமந்தவர்களின் பதக்கம் அது. இந்த வழக்கம் முன்பே இருந்தது. 1903–04 திபெத் படையெடுப்பில் சிப்பாய்க்கு வெள்ளி, சுமந்து சென்றவருக்கு வெண்கலம். அந்த வெண்கலத்தின் விளிம்பில் பெயருக்கு முன்னால், பதவி இருக்க வேண்டிய இடத்தில், ‘கூலி’ என்றே பொறித்தார்கள்.

கல்லில் என்ன எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மெசபடோமியாவில் இறந்து கல்லறை இல்லாதவர்களுக்காக பாஸ்ரா அருகே 1929இல் நினைவுச்சின்னம் ஒன்று திறக்கப்பட்டது. 40,000க்கு மேற்பட்டோரை நினைவுகூரும் அந்தச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் இருந்தன, இந்திய அதிகாரிகளின் பெயர்களும் இருந்தன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவின் கீழே ‘மற்றும் இத்தனை பேர்’ என்ற எண்ணாக முடிந்தார்கள். நம் ஊர்களிலும் அதே கதை. பழைய தாலுகா அலுவலகத்திலும் கிராமச் சாவடியிலும் சில இடங்களில் இன்னும் பளிங்குப் பலகை இருக்கிறது: இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள். யார் யார் என்று பலகை சொல்லாது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது அறவே விடுபட்டார்கள் என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

ஆகவே கல்லில் எண், ஊர்ப் பலகையில் எண், பதக்கத்தின் விளிம்பில் பெயர். பதக்கத்தை வீரத்தின் சின்னமாகப் பார்ப்பதும், அடிமைத்தனத்தின் சின்னம் என்று தூக்கி எறிவதும் இந்த நிலையில் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. அந்தப் போர்கள் நம்முடையவை அல்ல. அபிசீனியாவிலும் திபெத்திலும் நம்மவர்கள் இன்னொருவரின் மண்மேல் படையெடுத்துப் போனார்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் போனவர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு அந்த விளிம்பு ஆதாரம்.

ஆதாரத்திலிருந்து மேலே போக வழி குறைவு என்பது உண்மைதான். பஞ்சாபின் நிலை கொஞ்சம் நல்லது. போருக்குப் பின் கிராமவாரியாகத் தொகுத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் கொண்ட அவற்றை 2021 முதல் எண்மமாக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மதராஸ் சிப்பாயைத் தேடுபவர் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்கள், இந்திய ராணுவப் பட்டியல், கல்லறை ஆணையப் பதிவு என்று துண்டுதுண்டாகச் சேர்க்க வேண்டும். படைப்பிரிவின் எந்தக் கம்பெனியில் எந்தச் சமூகத்தாரைச் சேர்த்தார்கள் என்று பட்டியலில் பார்த்தால் பெயரோடு பொருத்திக் கொஞ்சம் ஊகிக்கலாம். ஊகம் என்று எழுதிவைத்து ஊகிக்க வேண்டும். பதக்கம் வந்த வீட்டில் யாராவது ஒரு பாட்டி அவர் எந்த வருஷம் கப்பலேறினார் என்று சொன்னால், காப்பகத்தில் ஒரு மாதம் தேடினாலும் கிடைக்காதது கிடைத்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் நிலைமை விசித்திரமாகத் தலைகீழானது. பிரிட்டிஷ் அரசு செலவைக் கருதித் தன் படையினருக்கான போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. அட்டைப் பெட்டியில் வெறும் விளிம்போடு தபாலில் போயின. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் தம்மவருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன. ஒரு லண்டன் சிப்பாயின் நட்சத்திரம் பெட்டியை விட்டுப் பிரிந்தால் அநாதை. ஒரு செங்கல்பட்டுச் சிப்பாயின் நட்சத்திரம் எங்கே போனாலும் அவருடையது. அந்தப் போரில் இத்தாலியின் மிக்னானோ அருகே, 1944 பிப்ரவரி 24 அன்று, மதராஸ் சாப்பர்களின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் பாய்ந்து படுத்துத் தன் ஆட்களைக் காப்பாற்றி இறந்தார். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் சிலுவை. சிலுவையின் பின்புறத்தில் பெற்றவர் பெயரைப் பொறிப்பது வழக்கம்.

சந்தையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே ஆளின் பதக்கங்களைத் தனித்தனியாகப் பிரித்து விற்பது இந்தத் தொழிலின் பெரிய தீங்கு. நட்சத்திரம் ஓர் ஊருக்கும் வெள்ளி இன்னோர் ஊருக்கும் போன பிறகு ஒன்றுசேர்ப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். சொம் போரின் முதல் நாளான 1916 ஜூலை 1 அன்று மட்டும் பிரிட்டிஷ் படையில் 19,240 பேர் இறந்தார்கள். அந்தத் தேதியில் இறந்தவரின் பதக்கத்துக்கு மறுநாள் இறந்தவருடையதைவிட விலை அதிகம். இது சந்தையின் கணக்கு. ஆய்வாளர் அதற்குத் தலைவணங்க வேண்டியதில்லை. இந்தியத் தொழிலாளர் படையின் ஒற்றை வெண்கலப் பதக்கத்துக்கு ஏலத்தில் பெரிய விலை வராது, ஆய்வில் அதற்குத்தான் முதலிடம் என்பேன்.

நம் சட்டமும் இங்கே வருகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள்களும் உலோகப் பொருள்களும் தொல்பொருளாகிவிடும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. வாங்குகிறோம் என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு வருபவர்களிடம் கொடுக்கும் முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டில் தாத்தாவின் தாத்தா பட்டாளத்தில் இருந்தார் என்ற பேச்சு இருந்தால், பழைய டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பதக்கம் இருந்தால் விபூதி, புளி, பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுத்திருப்பது அழுக்கல்ல, தேய்த்தால் எழுத்து போய்விடும். நாடாவைக் கழற்றாதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்து விளிம்பை முழுச் சுற்றும் படமெடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதி, வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்ததையும் அதன் கீழே எழுதிவையுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால், எல்லாவற்றையும் சேர்த்து, அந்தத் தாளோடு விற்றுவிடுங்கள். உருக்க மட்டும் கொடுக்காதீர்கள்.